தியானத்திற் காணும் ஒளி

தியானஞ் செய்வார்க்கு அகத்தே ஒளி தோன்றும் என்பது யோக நூல்கள் பலவற்றானும் அறியப்படுஞ் செய்தி. அவ்வொளி யாது? அது சிவமேயோ, சிவத்தின் வரவைக் காட்டும் அடையாளமோ, அன்றி உட்கருவிகளின் விளக்கமோ? இவ்வினாவிற்கு விடை தெளியாமையாற் சாதகர் இரு திறத்தானும் இடர்ப்படுகின்றனர். ஒரு சாரார், கண்மூடியிருந்த சின்னாளிற் புருவ நடுவே ஒரு சுடரைக் கண்டு, பெறற்கரிய பேற்றைப் பெற்றுவிட்டோம், இனிப் பூசையும் வேண்டா, குருவழிபாடும் வேண்டா என்று நியமங்களைக் கைநெகிழ்ப்பர். மற்றொரு சாரார், தீக்கை பெற்று யாண்டு பலவாக ஐந்தெழுத்தோதிப் பூசையும் பிழையாது செய்து வந்தும், ஒளியொன்றுங் காணாமையாற் சிவபெருமான் தமக்கு இரங்கவில்லை போலும் என்று உள்ளம் உடைவர். முன்னையோர் இழப்பது நெறி. பின்னையோர் இழப்பது ஊக்கம். இரண்டும் ஓர் அறியாமையின் பயனே. ஆதலின், சுருதியும் யோகநூலும் நம் சந்தானாசாரியர் அருளிய சித்தாந்த சாத்திரங்களும் இவ்வொளியைப் பற்றி யாது கூறுகின்றன என்பதனை ஈண்டு முறையே ஆராய்வாம்.

ஒளி என்பதன் பொருள்

பொருளைக் காட்டுவது ஒளி என்பது பொதுவிலக்கணம். அவ்விலக்கணம் ஞாயிறு, திங்கள், தீ என்பவற்றிற்கும் பொருந்தும், அறிவிற்கும் பொருந்தும். வடமொழியிற் சோதி என வழங்குஞ் சொல்லும் இவ்வாறே இருபொருளும் பயந்து நிற்பது. இதனைச் சுருதி தானே ஒரு வினாவிடையான் விளக்கிற்று.

பிருகதாரணியக உபநிடதம் 4-ஆம் அத்தியாயம் 3-ஆம் பிராமணத்தில், விதேக நாட்டரசனாகிய சனகன் யாஞ்ஞவற்கிய முனிவரை நோக்கி, மனிதன் எவ்வொளியைத் துணையாகக் கொண்டு இருத்தலும் போதலும் தொழில்செய்து மீளுதலும் உடையவனாகின்றான் என்று வினாவினான். ஞாயிற்றின் ஒளியால் என்றார் முனிவர். ஞாயிறு பட்டபின் யாது ஒளி என்றதற்குத் திங்கள் என்றார். அதுவும் மறைந்தவழித் தீ என்றார். தீயும் அவிந்தவழிச் சொல் என்றார். தன் கையுந் தனக்குத் தோன்றாத இருளிலும் ஒருவன் ஒலி எழும் இடம்நோக்கிச் செல்லுதல் கூடுமாகலின். சொல்லும் அடங்கியவழி ஆன்மாவே அவனுக்கு ஒளி என்பது இறுதி விடையாயிற்று. இவ்வைந்தனுள் நான்காவதாகிய சொல் கண்ணுக்குப் புலனாவதன்று. ஐந்தாவதாகிய ஆன்மா ஐம்புலனுள் ஒன்றற்கும் புலனாவதன்று. ஆயினும் இரண்டும் ஒளி என்றே கூறப்பட்டன. எனவே, உபநிடதங்களில் ஒளி என வந்துழியெல்லாம் நிறமும் வடிவுமுடைய சுடரையே கொள்ளுதல் பிழையாதல் தேற்றம்.

இன்னும், சாந்தோக்கிய உபநிடதம் 3-ஆம் அத்தியாயம் 13-ஆம் கண்டத்தில், விண்ணிற்கு அப்பால் விளங்கும் ஒளியே மனிதனகத்தும் உள்ளது என்று ஓதப்பட்டது. அகத்தே அஃது உண்மைக்கு அச்சுருதி காட்டும் அடையாளங்கள் இரண்டு. ஒன்று, உடம்பைத் தொட்டவழி உணரப்படும் வெம்மை. மற்றொன்று, செவிகளைப் பொத்தியவழிக் கேட்கப்படும், எரியும் தீயின் முழக்கம் போன்ற ஒலி. வெம்மையை அவ்வொளியின் காட்சி என்றும், அம்முழக்கத்தை அதன் கேள்வி என்றும் கொண்டு வழிபடுக என்பது ஆண்டுப் பெறப்படும் பொருள். ஒளிக்கு அடையாளங் கூறப்புகுந்த சுருதி, கண்ணிற்குப் புலனாவது ஒன்றனையுங் கூறாது, மெய்க்கும் செவிக்கும் புலனாவனவற்றையே கூறியது பெரிதும் உற்று நோக்கத்தக்கது. பிரமசூத்திரத்தின் முதலத்தியாயம் முதற்பாதத்தில் இவ்வாக்கியமே எடுத்து ஆராயப்பட்டு, ஈண்டுச் சோதி எனப்பட்டது பூதவொளியன்று, பரம்பொருளே என்று துணியப்பட்டமையும் அறிக.

இனி, சுடரின் வடிவையே எடுத்தோதும் சுருதியும் உண்டு. தைத்திரீய ஆரணியகத்தின் 10-ஆம் பிரபாடகத்தில், இருதய கமலத்தின்கண் நீவாரம் என்னும் காட்டுநெல்லின் வால்போல நுண்ணியதாய், கருமுகிலிடை மின்னற்கொடிபோல விளங்குவதாய் ஒரு சுடர் கூறப்பட்டது. அவ்வளவில் நின்றுவிடாது, அச்சுடரின் நடுவே பரமான்மா நிலைபெற்றுளன் என்றும் அச்சுருதி கூறிற்று. எனவே, சுடர் இடம். பரமான்மா அவ்விடத்தைக் கொண்டவன். திருக்கோயிலுள் விளக்கைக் கண்டவன் மூர்த்தியைக் கண்டவனாகான். விளக்கு மூர்த்தியைக் காண்டற்கு உதவுவது. சாந்தோக்கியம் 8-ஆம் அத்தியாயத்துத் தகரவித்தையும், உள்ளக் கமலத்துள் உள்ள நுண்ணிய ஆகாயத்தைக் கூறி, அதனுள்ளே இருப்பது யாதோ அதுவே தேடத்தக்கது என்று விதித்தது. நீலகண்ட சிவாசாரியர் என்னும் பெயரும் உடைய ஸ்ரீகண்டர் தம் பாடியத்துள் இவ்வித்தையைத் தலைமையாகப் போற்றியதூஉம், 16-ஆம் நூற்றாண்டினராகிய அப்பைய தீட்சிதர் சிவார்க்கமணிதீபிகையில் அதனை விரித்ததூஉம், சிதம்பரத்தைத் தகராகாயமாகக் கண்டு நம்மவர் வழிபட்டு வருவதூஉம் இக்கருத்துப்பற்றியே என்க.

சுவேதாசுவதரம் கூறும் முறை

தியானத்தில் தோன்றுவனவற்றை நிரல்பட ஓதுவது சுவேதாசுவதர உபநிடதத்தின் 2-ஆம் அத்தியாயம். மார்பு, கழுத்து, தலை என்னும் மூன்றும் நிமிர்ந்திருத்தலையும், பிராணனை அடக்குதலையும், மேடுபள்ளமும் பரலும் மணலும் தீயும் இல்லாத தூய இடத்தையும் முதற்கண் கூறிப் பின்னர் 11-ஆம் மந்திரத்திலே, பனி, புகை, ஞாயிறு, காற்று, தீ, மின்மினி, மின்னல், படிகம், திங்கள் என ஒன்பது தோற்றங்களை அது வகுக்கின்றது. இவற்றுட் பனியும் புகையும் ஒளியை மறைப்பன. காற்று உருவமே இல்லது. ஆகவே தோற்றம் என்றதனால் ஒளியே தோன்றுதல் வேண்டும் என்னும் நியமமும் இல்லை. இவை யோகத்தின்கண் பிரமத்தின் வெளிப்பாட்டிற்கு முன்செல்லும் உருவங்கள் என்றே அம்மந்திரம் கூறும். அரசன் உலாப் போதருங்கால் கொடியும் முரசும் முன்னே வரும். அவற்றைக் கண்டும் கேட்டும் அரசன் வரவை அறிவதன்றிக் கொடியையே அரசன் என்று வணங்கி இல்லம் புகுவார் யாருளர்?

இத்தோற்றங்களோடு அச்சுருதி முடிந்ததில்லை. 13-ஆம் மந்திரம் யோகத்தின் முதற்பயனைக் கூறும். உடம்பின் நொய்மை, நோயின்மை, அவாவின்மை, நிறத் தெளிவு, குரல் நலம் முதலியன அவை. 14-ஆம் மந்திரம், மண் படிந்து மங்கிய உலோகவட்டம் நன்கு துலக்கியவழி விளங்குமாறுபோல ஆன்மதத்துவத்தைக் கண்டவன் துயர் நீங்குவன் என்று கூறும். 15-ஆம் மந்திரம், விளக்குப்போன்ற அவ்வான்மதத்துவத்தால் பிரமதத்துவத்தைக் காண்பவன் பாசம் அனைத்தினின்றும் விடுபடுவன் என்று முடிக்கும்.

இம்மூன்று படிகளும் நம் சாத்திரங்களிற் பயின்றார்க்குப் புதியன அல்ல. தத்துவரூபம், தத்துவதரிசனம், தத்துவசுத்தி, ஆன்மரூபம், ஆன்மதரிசனம், ஆன்மசுத்தி, சிவரூபம், சிவதரிசனம், சிவயோகம், சிவபோகம் எனத் தசகாரியம் கூறுமிடத்துத் தத்துவம், ஆன்மா, சிவம் என்னும் இம்முறையே வைக்கப்பட்டது. பனி முதலாகத் திங்கள் ஈறாகக் காணப்படுவன தத்துவதரிசனத்தின் பாற்படும். துலக்கிய வட்டம் போல்வது ஆன்மதரிசனம். அதன்மேலது சிவதரிசனம். முதற்படியிற் கண்டதனை மூன்றாம் படியாகக் கொள்ளுதலே மேற்கூறிய முதற்சாராரது மயக்கம்.

பதஞ்சலியார் உடன்பாடு

இக்கருத்துச் சித்தாந்திகள் தாமே படைத்துக்கொண்டதன்று, யோகநூலார்க்கும் உடன்பாடே. பதஞ்சலியார் தம் சூத்திரத்தின் சமாதிபாதத்தில், சித்தம் ஒருவழி நிற்றற்கு உபாயங்கள் பலவற்றை 33 முதல் 39 வரையுள்ள சூத்திரங்களான் அடுக்கிக் கூறினார். நட்பு, இரக்கம் முதலிய பாவனையும், மூச்சை ஒழுங்குசெய்தலும், விருப்பமான பொருளைத் தியானித்தலும் அவற்றுட் சில. துயரமற்ற சோதிவிளக்கம் 36-ஆம் சூத்திரமாய் அந்நிரலிடையே நிற்கின்றது. நிரலின் நடுவே நிற்பது முடிந்த பயனாதல் யாங்ஙனம்?

அச்சூத்திரத்திற்கு உரைகண்ட வியாசர், இருதய கமலத்திற் சித்தத்தை நிறுத்துவார்க்கு விளங்குவது புத்தி தத்துவத்தின் சத்துவகுணமே என்றும், அதுவே ஞாயிறு, திங்கள், கோள், மணி என்பவற்றின் ஒளிபோலப் பலவாறாகத் தோன்றும் என்றும் கூறினார். புத்தி முப்பத்தாறு தத்துவங்களுள் ஆன்மதத்துவம் இருபத்துநான்கனுள் அடங்குவது, மாயையின் காரியம், சடம். ஆகவே, அவர் உரைப்படியும் அவ்வொளி ஒரு கருவியின் தெளிவேயன்றிக் கருத்தாவாகாது. மேலும், விபூதிபாதத்திற் பேசப்படும் தலையுச்சியின் சோதி, சித்தரைக் காண்டற்குக் கருவியாகச் சித்திகளோடு எண்ணப்பட்டது. இத்தகைய காட்சி கேள்விகள் விழிப்புநிலையிற் சித்திகளாயினும் சமாதிக்கு இடையூறுகள் என்று பதஞ்சலியாரே அப்பாதத்தில் ஓதி எச்சரித்தார்.

சித்தாந்தத் துணிபு

இனி, 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதத்தின் 6-ஆம் சூத்திரத்தை நோக்குவாம். சுட்டி உணரப்படுவது அசத்து. ஒருவாற்றானும் உணரப்படாதது சூனியம். இவ்விரண்டன் வேறாய் நிற்பதே சிவசத்து என்பது அதன் திரண்ட கருத்து. 'இது சுடர், பொன்னிறம், புருவ நடுவில் உளது, நேற்று இருந்தது, இன்று இல்லை' என்று இடமும் காலமும் நிறமும் வைத்துச் சுட்டப்படுவது எத்துணைத் தூயதாயினும் தோன்றி மறைவது, ஆகலின் அசத்து. பாவனையாற் சிவத்தை அகப்படுத்தலாம் என்பார்க்கும் அச்சூத்திரத்து உதாரண வெண்பாவில் விடை உண்டு. பாவனைக்குள் அடங்குவது அசத்து; எவ்வாற்றானும் பாவனைக்கு எய்தாதது பாழ்; அருளாற் பாவிக்குமிடத்தே அது விளங்கும் என்பது அவ்விடத்துக் கொள்ளப்படுவது.

ஆசாரியர் அறிவைப் பாசஞானம், பசுஞானம், பதிஞானம் என மூன்றாக வகுத்தனர். அந்தக்கரணங்களான் அறிவது பாசஞானம். அகத்தே கண்ட ஒளியும் மனம் முதலிய கரணங்கள்வழிக் கண்டதாயின் இதன்பாற்படும். கரணங்களை நீங்கி நின்று, அறியும் யானே பிரமம் எனத் தன்னையே முதலாக உணர்வது பசுஞானம். இது முன்னதினும் நுண்ணிய இடர். கண்ட ஒளியை விடுத்தவரும் காணுந் தம்மை விடமாட்டாது நிற்பர். இவ்விரண்டும் ஒழிய, அருளே கண்ணாக அறிவது பதிஞானம்.

1313-இல் சங்கற்ப நிராகரணம் அருளிச்செய்த உமாபதி சிவாசாரியர், திருவருட்பயனில் இருண்மல நிலை என்னும் அதிகாரத்துள், புறவிருளுக்கும் ஆணவ மலத்திற்கும் வேற்றுமை காட்டினார். புறவிருள் பிற பொருளை மறைப்பினும் தன் வடிவைக் காட்டும். ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும் என்பது அது. இருளுள் இருப்பவன் இருளிலிருக்கின்றோம் என்று அறிவான். ஆணவத்துள் இருப்பவன் அதனை அறியான். இதனாற் பெறப்படுவது யாதெனின், 'யான் கண்டேன், பிறர் கண்டிலர்' என்னுஞ் செருக்கை எழுப்பிய ஒளி, ஒளியாய்த் தோன்றினும் இருளுக்கு உணவாயிற்று என்பதே. கண்டது ஒளியோ இருளோ என்று அறிதற்கு, யான் எனது என்பன குறைந்தனவோ மிகுந்தனவோ என நோக்குதலினும் சிறந்த கருவி வேறில்லை.

தடையும் விடையும்

அற்றேல், அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் சுபக்கம் 8-ஆம் சூத்திரத்தில், புலனடக்கி, வளியைத் தடுத்து, ஆதாரங்களை அறிந்து மேலேறி, மதிமண்டலத்து அமுதத்தை உடலெங்கும் நிரப்பி, முழுச்சோதியை நினைந்திருத்தலைச் சகமார்க்கமாக ஓதினாரன்றே? திருமூல நாயனாரும் மூன்றாந் தந்திரத்தை யோகத்திற்கே வகுத்தாரன்றே? அவை வறிதாமோ எனின், ஆகா. சகமார்க்கத்தின் பயன் சாரூபம் என அருணந்தி சிவாசாரியரே அளவிட்டு ஓதினார். சரியை, கிரியை, யோகம் என்பன ஞானத்திற்குப் படிகள். படியை இகழ்ந்தவன் மேன்மாடம் ஏறான். படியிலேயே படுத்தவனும் ஏறான். யாம் மறுப்பது படியை மேன்மாடமென்று கொள்வதையேயன்றிப் படியை அன்று.

சிவம் காணப்படாதெனின் சிவதரிசனம் என்றதற்குப் பொருள் யாது எனின், 11-ஆம் சூத்திரம் அதனை விளக்கும். கண் பொருளைக் காண்கின்றது. ஆயினும் உயிர் உடனின்று காட்டிக் காணாதவழிக் கண் காணாது. அதுபோல, உயிர் அறியுமாறு சிவன் உடனின்று காட்டியும் கண்டும் நிற்கின்றனன். கண், தனக்குக் காட்டும் உயிரைத் தன் எதிரே வைத்துக் காணமாட்டாது. அவ்வாறே உயிரும் தனக்குக் காட்டும் சிவத்தை எதிரிட்ட பொருளாகச் சுட்டிக் காணமாட்டாது. உடனாய் நிற்றலை உணர்ந்து அயரா அன்பு செய்வதே காட்சி. சுவேதாசுவதரம் ஆன்மாவை விளக்கென்றதும், அது தானே முதலாய் விளங்கும் என்றதற்கன்று. அருளாற் பற்றியெரியும் விளக்கென்றதற்கே என்று கொள்க.

சிவம் அகத்தே என்றும் உளதாயின் ஏன் இதுகாறும் உணரப்பட்டிலது எனின், 9-ஆம் சூத்திரத்து உவமைகளைச் சிந்திக்க. வானில் வேறுபடத் தோன்றாத இராகு, ஞாயிற்றினும் திங்களினும் பற்றியவழித் தோன்றுவதுபோலவும், விறகினுள் முன்னரே உள்ள தீ கடைந்தவழித் தோன்றுவதுபோலவும், ஐந்தெழுத்தோதும் சிந்தையிற் சிவம் விளங்கும் என்பது ஆண்டைக் கருத்து. சுவேதாசுவதரத்தின் முதலத்தியாயமும் உடம்பைக் கீழ் அரணியாகவும் பிரணவத்தை மேலரணியாகவும் வைத்துத் தியானத்தையே கடைதலாகக் கூறிற்று. கடைபவன் செய்வது கடைதலே, தீயைப் படைத்தலன்று. கடையத் தொடங்கியவுடன் புகை எழுதலும் உண்டு. புகையைக் கண்டு கோலை எறிந்தவனுக்குத் தீ இல்லை. புகை காணாமையாற் கோலை எறிந்தவனுக்கும் இல்லை.

சாதகர் கொள்ளற்பாலன

இவற்றாற் சாதகர் கொள்ளற்பாலன சில உள. முதலாவது, ஒளியை வலிந்து தேடற்க. விழிகளை விரலான் அழுத்தினால் ஒளிப்பொறிகளும் வட்டங்களுந் தோன்றுதல் யாவர்க்கும் பொது. விழித்திரை அழுத்தத்தாற் கிளர்ச்சியுறுதல் அதற்குக் காரணம் என மருத்துவ நூலார் கூறுவர். இருளறையில் நெடும்பொழுது இருப்பார்க்கும் இத்தகைய தோற்றங்கள் உண்டாம். இவற்றை யோகசித்தி எனக் கொண்டு விழிகளை வருத்துதல் பேதைமை, கண்ணுக்குத் தீங்குமாம்.

இரண்டாவது, ஒளி தானே தோன்றின் அஞ்சுதலும் வேண்டா, களித்தலும் வேண்டா. ஆசாரியரிடம் அன்றிப் பிறரிடம் உரையாது, ஓதும் ஐந்தெழுத்தை விடாது தொடர்க. கொடியைக் கண்டவன் வழியினின்று விலகாது அரசனை எதிர்நோக்கி நிற்றல்போல அது.

மூன்றாவது, 9-ஆம் சூத்திரத்தில் விதிக்கப்பட்டபடி இருதயத்திற் பூசையும், உந்தியில் ஓமமும், புருவநடுவிற் தியானமும் ஐந்தெழுத்தாலே செய்யப்படும். மூன்றும் ஒருங்கு விதிக்கப்பட்டமையின், பூசையையும் ஓமத்தையும் கைவிட்டுப் புருவநடு ஒன்றையே பற்றுதல் விதியாகாது.

நான்காவது, ஒளி காணாமையால் உள்ளம் உடையற்க. நமிநந்தியடிகள் திருவாரூர் அரநெறியில் நீரால் விளக்கெரித்தார். கணம்புல்லர் புல்லரிந்து விற்று விளக்கிட்டு, அது முட்டியவழித் தில்லையில் தம் தலைமயிரையே எரித்தார். கலியனார் திருவொற்றியூரில் எண்ணெய் கிடையாத நாளிற் குருதியால் விளக்கேற்றத் துணிந்தார். இம்மூவரும் அகச்சுடர் தேடி அலைந்தவராகச் சேக்கிழார் பெருமான் கூறிற்றிலர். புறத்தே ஒரு விளக்கு அவியாதிருத்தலையே உயிரினும் பெரிதாகக் கருதினர். சிவபெருமான் அவர்களை ஆட்கொண்டருளினான். அவர்கள் விளக்கைக் காத்த அன்பிலே அகவிருள் இருந்தவிடம் தெரியாது நீங்கிற்று.

பாற்கடலில் வாழும் மீன், பாலை நுகராது சிற்றுயிர்களைத் தேடித் திரிதல்போல, அருளினுள்ளே வாழும் உயிர் அருளை அறியாது பிறவற்றைத் தேடி உழலும் என்று திருவருட்பயன் இரங்கிற்று. தியானத்திற் சுடரையே தேடி உழல்வதும் அத்தேட்டங்களுள் ஒன்றாகிவிடலாகாது. தேடும் அறிவு இன்றளவும் அவியாது நிற்பதே அருளொளி உடனுண்மைக்குச் சான்று. அதனை உணர்ந்து, ஒளி தோன்றினும் தோன்றாதொழியினும் ஐந்தெழுத்தை ஓதி நிற்பார்க்கு இழிவு யாதும் இல்லை என்க.

திருச்சிற்றம்பலம்.